பொய்க்கு ஓங்கிய கை

பாலத்தைத் தாண்டுவதற்குள் மூன்று பேர் என்னை நிறுத்திவிட்டார்கள். மூவரின் கண்ணையும் உறுத்தியது ஒன்றுதான்: என் தோளில் இருந்த மகள் மெர்லினின் வெறுங்கால். முதலில் நாயோடு வந்த பெரியவர். ஷூ எங்கோ கழன்று விழுந்திருக்கும் என்று நினைத்து, நான் வந்த பாதையிலேயே நாலடி போய்க் குனிந்து தேடினார். அடுத்து, கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண். அவள் சொன்னது எனக்குப் பாதிதான் புரிந்தது. குளிரைத்தான் சொல்கிறாள், 'கோல்ட், கோல்ட்' என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. மூன்றாவதாக வந்த இளம்பெண் ஒன்றுமே பேசவில்லை. தன் கம்பளிக் கையுறைகளைக் கழற்றி மெர்லினின் பாதங்களில் மாட்டிவிட்டுப் போய்விட்டாள். பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் இரண்டரை வயதுக் குழந்தை வெறுங்காலோடு அப்பன் தோளில் இருந்தால் அதை யாரும் ஒரு காட்சியாகவே பார்க்கமாட்டார்கள். இங்கே அது ஊரே கவனிக்க வேண்டிய விஷயம். மூன்று பேருக்கும் 'தேங்க் யூ' சொன்னேன், ஆனால் நடையை நிறுத்தவில்லை. ஷூ எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பின்னால் இருக்கும் லெஷர் சென்டர் என்ற விளையாட்டுக் கூடத்தில், சுவரோரமாக, மற்றக் குழந்தைகளின் ஷூக்களோடு வரிசையில் இருந்தது. அதை எடுக்கத் திரும்பினால், அங்கே வகுப்பு நடத்தும் ஹெலன் காகிதமும் பேனாவுமாக வரும் அதே வழியில்தான் போக வேண்டும்.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு நான் யாரென்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் சாலையில் எங்கள் ஊர். ஒன்பதாவது வகுப்பின் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு வந்தேன், யாரும் துரத்தவில்லை. பெங்களூரில் கிரானைட் பாலீஷ், கோவாவில் ஹோட்டல் பாத்திரம், அப்புறம் போர்வெல் வண்டி. அந்த வண்டியோடு ஆந்திரா, ஒடிசா, ராஜஸ்தான் என்று ஒன்பது வருடம் சுற்றினேன். தண்ணீர் வந்தாலும் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டும், வராவிட்டாலும் கிளம்ப வேண்டும். அந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அதுதான். ஒருநாள் இரும்புக் குழாய்க்கு நடுவே கை சிக்கி, இரண்டு விரல் நசுங்கி, சேலத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கட்டு மாற்ற வந்த நர்ஸ்தான் ஸ்டெல்லா. அரூர்ப் பக்கத்துப் பெண், வேதக்காரக் குடும்பம். கல்யாணப் பேச்சு வந்தபோது, எந்த ஊரிலாவது சேர்ந்தாற்போல ஒரு வருடம் இருந்திருக்கிறீர்களா என்று கேட்டாள். பென்னாகரத்தில் இருந்திருக்கிறேன் என்றேன். பிறந்த ஊர் கணக்கில் வராது என்றாள்.

வட இங்கிலாந்தில் இந்தச் சின்ன ஊருக்கு வந்தது அவளுடைய வேலையால். அவள் விசாவில் நானும் குழந்தையும் ஒட்டிக்கொண்டு வந்தோம். பன்னிரண்டு மணி நேர டூட்டி அவளுக்கு. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள என்னைத் தவிர ஆள் இல்லை. அதனால் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: மெர்லினுக்கு மூன்று வயதாகி நர்சரியில் சேரும் வரை நான் எங்கேயும் போகக் கூடாது. சரி என்று சொல்லியிருந்தேன். இன்னும் ஆறு மாதம் இருந்தது. பிழைக்க ஒரு வேலையும் இல்லாத கை, கிளம்ப இடமில்லாத கால். ஜன்னலில் நின்று பஸ் நம்பர்களை மனப்பாடம் செய்தேன். எது எங்கே போகும், எத்தனை மணிக்குப் போகும் என்று கேட்டால் இன்றும் சொல்வேன். போர்வெல் வண்டியில் என்னோடு இருந்த பாலக்கோட்டு முருகேசன் இங்கிருந்து தெற்கே நாலு மணி நேரத் தூரத்தில் ஒரு கோழி ஃபேக்டரியில் இருந்தான். வாரம் ஒருமுறை கூப்பிட்டு, ரூமில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறது என்று சொல்வான். ஸ்டெல்லாவுக்கு அந்தக் கட்டிலைப் பற்றித் தெரியும்.

குழந்தை இடுப்பை விட்டு இறங்குவதே இல்லை என்று வீட்டுக்கு வந்த அரசாங்க நர்ஸ் ஒருத்தி குறித்துக்கொண்டு போனாள். மற்றக் குழந்தைகளோடு பழக விடுங்கள், ஓட விடுங்கள் என்று சொல்லி ஒரு துண்டுத்தாளைக் கொடுத்தாள். அப்பா அம்மாவோடு சேர்ந்து குட்டிக் குழந்தைகள் செய்யும் ஸ்போர்ட்ஸ் கிளாஸ். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி, மொத்தம் பத்து வாரம். ஸ்டெல்லா பதிவு செய்துவிட்டாள். ஓடுவதற்கு ஒரு வகுப்பா என்று நான் சிரித்தேன். முதல் நாள் போனபோது சிரிப்பு போய்விட்டது. ஷூவைக் கழற்றிவிட்டு மெத்தை விரித்த கூடத்துக்குள் போனால், என் வயதுப் பெண்கள், இரண்டு ஆண்கள், எல்லாரும் நாலு காலில் ஊர்ந்துகொண்டிருக்கிறார்கள். கரடி மாதிரி நடக்க வேண்டும், தவளை மாதிரி குதிக்க வேண்டும், ரப்பர் பந்தைக் குழந்தையின் காலுக்கு உருட்டி, அது உதைத்தால் கை தட்ட வேண்டும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு பலகை. அதன்மேல் குழந்தையை நடக்கவிட்டு நாம் பக்கத்தில் ஊர வேண்டும். பயிற்சியாளர் ஹெலனுக்கு ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் விசில் தொங்கியது, ஒருநாளும் ஊதியதில்லை. தருமபுரிப் பக்கம் பெரியவர்கள் இல்லாத இடத்தில்தான் பிள்ளைகள் விளையாடும். பெரியவர் ஒருவர் வந்துவிட்டால் விளையாட்டு முடிந்தது. இங்கே பெரியவர் வந்தால்தான் ஆரம்பம். முப்பத்தாறு வயதில் நான் தவளையானேன்.

மெர்லின் வயதில் எனக்கு இருந்த விளையாட்டு வேறு. அப்பா அம்மா இருவரும் ரோடு வேலைக்குப் போவார்கள். தார் கொதிக்கும் இடத்துக்கு நான் ஓடிவிடக் கூடாது என்பதற்காக, அம்மா பழைய சேலையைக் கிழித்துத் திரித்து என் இடுப்பில் ஒரு முனையையும் சாலையோரப் புளியமரத்தில் மறுமுனையையும் கட்டிவிட்டுப் போவாள். எங்கள் பக்கத்து ரோட்டோரமெல்லாம் புளியமரம்தான், கட்டுவதற்குப் பஞ்சமில்லை. கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு உலகம். கொடுமை என்று யாரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. அன்றைக்குத் தார் கொட்டாமல் பிழைத்த பிள்ளைகள் எல்லாம் கட்டி வைத்த பிள்ளைகள்தான். அந்தக் கயிறுதான் உங்களை இப்படி ஓட வைக்கிறது என்று ஸ்டெல்லா சொல்வாள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. என்னைப் போலவே மரத்தில் கட்டி வைத்திருந்த மற்ற மூன்று பிள்ளைகளும் இன்றுவரை அதே ஊரில்தான் இருக்கிறார்கள்.

வகுப்பில் எனக்கு ஒத்துவராத விஷயம் ஒன்று இருந்தது. ஒரு குழந்தை விழுந்தால் யாரும் ஓடமாட்டார்கள். பெற்ற தாய் பக்கத்திலேயே நின்று, முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொண்டு பார்ப்பாள். குழந்தை தானாக எழுந்தால் 'வெல் டன்' என்பாள். மனசு கல்லா என்று நினைத்தேன். மெர்லின் விழுந்தால் நான் ஓடினேன். தூக்கினேன். நம் வழக்கப்படி, யார் அடித்தது, இந்தத் தரையா என்று கேட்டு மெத்தையில் நாலு அடி போட்டேன். அவளும் குனிந்து அடிப்பாள், அழுகை நிற்கும். மூன்றாவது வாரமே இன்னும் இரண்டு குழந்தைகள் மெத்தையை அடிக்கத் தொடங்கிவிட்டன. ஹெலன் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். பாராட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஏழாவது வாரம், அதாவது வெறுங்காலோடு இருந்த குழந்தையை நான் தூக்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டிய அந்தச் செவ்வாய்க்கிழமை, மெர்லின் முதல்முறையாக என் விரலை விட்டுவிட்டுப் பலகையின்மேல் நடந்தாள். பாதி தூரம் போயிருப்பாள். ஆலிவர் என்று ஒரு பையன், மூன்று வயது, நல்ல கனத்த உடம்பு, பந்தைத் துரத்திக்கொண்டு வந்து அவள்மேல் மோதினான். அவள் விழுந்து அலறினாள். அவன் திகைத்து அங்கேயே நின்றான். நான் என்ன செய்தேன் என்றால், நம் ஊரில் எந்த அப்பனும் செய்வதைச் செய்தேன். முட்டி போட்டு மகளை மடியில் இருத்திக்கொண்டு, 'இவனா கண்ணு ஒன்ன தள்ளுனது? இரு, அடிச்சிடலாம்' என்று சொல்லி, இடது கையை அந்தப் பையன் முதுகில் வைத்து, வலது கையால் என் இடது கையின்மேலேயே ஓங்கி ஒன்று போட்டேன். அடி என் கைக்கு, சத்தம் பிள்ளைக்கு. வேண்டுமென்றே சத்தம் வருகிற மாதிரி கையைக் குவித்து அடிப்பது இது. மெர்லின் அழுகையை நிறுத்தினாள். ஆலிவர் வாயைத் திறந்தான். முதலில் சத்தமே வரவில்லை, அப்புறம் அந்தக் கூடமே அதிர்ந்தது.

அவன் அம்மா பாய்ந்து வந்து அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள். எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒரு பெண் தன் குழந்தையை என் பக்கத்திலிருந்து மெதுவாக நகர்த்தியது எனக்குத் தெரிந்தது. நான் சிரித்தேன், அந்தச் சிரிப்பு எடுபடவில்லை. 'நோ ஹிட், ஆக்டிங், ஆக்டிங்' என்று சொன்னேன். யாருக்கும் புரியவில்லை. சரி, செய்து காட்டினால் புரியும் என்று நினைத்து இடது கையை மறுபடி அந்தப் பையன் முதுகுப் பக்கம் நீட்டி, வலது கையை ஓங்கினேன். என் வாழ்க்கையில் எத்தனையோ முட்டாள்தனம் செய்திருக்கிறேன், அவ்வளவு சுத்தமான ஒன்றைச் செய்ததில்லை. ஹெலன் எங்களுக்கு நடுவில் வந்து நின்றாள். குரலை உயர்த்தவே இல்லை. இங்கே குழந்தைகளை அடிப்பதில்லை, நடந்ததை நான் எழுதி வைக்க வேண்டும், தயவுசெய்து வெளியே நாற்காலியில் உட்காருங்கள், காகிதம் எடுத்து வருகிறேன் என்றாள். என் இங்கிலீஷில் 'எழுதி வைக்க' என்பது மட்டும் முழுசாகப் புரிந்தது. என் பேரில் காகிதம் எழுதப்பட்ட இடங்களில் எனக்கு நல்லது நடந்ததே இல்லை. அவள் ஆபீஸ் அறைக்குள் போனதும், மகளைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டேன். என்னுடைய ஷூவை மட்டும் காலில் செருகிக்கொண்டிருந்தேன். அவளுடையது நினைவே இல்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்ட். நிழற்குடையில் உட்கார்ந்து முருகேசனைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சிரித்தான்.

'மாப்ள, பேசாம இங்க வந்துரு. கோழி வெட்டறதுக்குப் பாஷ வேணாம். கோழி யாரப் பத்தியும் கம்ப்ளெய்ன்ட் எழுதாது.'

'புள்ள இருக்குதுடா.'

'ஸ்டெல்லா பாத்துக்கும். இல்லன்னா லீவு போட்டுப் பாத்துக்கும். உன்னய ஜெயில்ல போட்டா மட்டும் யாரு பாப்பா?'

மெர்லின் கம்பளிக் கையுறை மாட்டிய காலை ஆட்டிக்கொண்டே, புறப்படும் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் டாட்டா காட்டிக்கொண்டிருந்தாள்.

ஸ்டெல்லா அன்றைக்கு டூட்டி முடியும் முன்பே, ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தாள். லெஷர் சென்டரிலிருந்து அவளுக்குப் போன் போயிருந்தது. வார்டில் எல்லாரும் பார்க்க அவள் அதைப் பேசியிருக்கிறாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே, அடித்தீர்களா என்று கேட்டாள். கைமேல் கை வைத்துத்தான் அடித்தேன், வெறும் சத்தம் என்றேன். செய்து காட்டச் சொன்னாள். அவள் முதுகில் இடது கையை வைத்து ஒன்று போட்டேன்.

'எனக்கே தூக்கிவாரிப் போடுது. அது மூணு வயசுப் புள்ளங்க.'

'நம்மூர்ல எல்லாரும் செய்யறதுதான?'

'நம்மூர்ல அந்தப் பையனோட அம்மா சிரிச்சுக்கிட்டே இன்னும் ரெண்டு போடுங்கன்னு சொல்லும். இங்க அது இந்த மாதிரி முன்னப்பின்ன பாத்ததில்ல. சரி, அது தெரியாம செஞ்சது. எழுதறதுக்குள்ள ஓடியாந்தீங்க பாருங்க, அதத்தான் அவங்க எங்கிட்ட ரெண்டு தடவ கேட்டாங்க. ஏன் போய்ட்டாரு, ஏன் போய்ட்டாருன்னு. நான் என்னான்னு சொல்றது? எங்க வூட்டுக்காரரு அப்பிடித்தான், எல்லா எடத்துலயிருந்தும் போய்டுவாருன்னா?'

அவள் மெர்லினின் காலிலிருந்து கையுறையை உருவி, யாருடையது என்று கேட்காமல் மேசைமேல் வைத்தாள். பிறகு, சண்டை போடுகிற குரலில் இல்லாமல், நோயாளியிடம் மாத்திரை நேரம் சொல்கிற குரலில் சொன்னாள்:

'புள்ள வுழுந்தா தரைய அடிக்கறீங்க. ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னாலும் அதேதான். பெங்களூரு சரியில்ல, கோவா சரியில்ல, போர் வண்டி மொதலாளி சரியில்ல. எப்பவும் குத்தம் தரை மேலதான். நாளைக்கு எனக்கு லீவு. போயி அந்தம்மாவப் பாத்துட்டு ஷூவ எடுத்துக்கிட்டு வாங்க. நான் கூட வரமாட்டேன்.'

காலையில் மெர்லின் தோசையைப் பிய்த்துத் தட்டுக்கு வெளியே அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் அறைக்குள் போய்ப் பையை எடுத்தேன். இரண்டு பேன்ட், நாலு சட்டை, பாஸ்போர்ட். தெற்கே போகும் பஸ் பத்தே முக்காலுக்கு. என் கை தானாகவே அடுக்கிற்று. இருபது வருடப் பழக்கம், யோசிக்க வேண்டியதே இல்லை. வாசலில் ஷூவைக் காலில் செருகிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

'ஒரு சோடி ஷூ எடுக்க அத்தாம் பெரிய பையா?' என்றாள்.

தடுக்கவில்லை. நான் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.

புதன்கிழமை கூடத்தில் வகுப்பு எதுவும் இல்லை. ஹெலன் தனியாக முட்டி போட்டு மெத்தைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, ஆபீஸ் அறையிலிருந்து ஷூவைக் கொண்டுவந்தாள். சாக்ஸைச் சுருட்டி உள்ளே வைத்திருந்தாள். வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கலாம். உட்காருங்கள் என்றாள், உட்கார்ந்தேன். அந்தக் காகிதத்தை என் முன்னால் வைத்து, எழுதியிருந்ததை நிறுத்தி நிறுத்திப் படித்தாள். அப்பா குழந்தையின் முதுகுக்கு மேல் கையை ஓங்கினார், பலமான சத்தம் கேட்டது, குழந்தை அழுதது, காயம் இல்லை. அவ்வளவுதான். பொய் ஒன்றும் இல்லை. அதற்குக் கீழே பாதிப் பக்கம் காலியாக இருந்தது. அது எதற்கு என்று கேட்டேன். உங்களுக்குத்தான் என்றாள். நீங்கள் சொல்வதை எழுத வேண்டிய இடம் அது. நேற்று அதைக் கேட்கத்தான் வந்தேன், நீங்கள் இல்லை.

என்னுடைய பேச்சை எழுதிக்கொள்ள இடம் விட்டிருந்த முதல் காகிதம் அது. அதிலிருந்துதான் ஓடியிருக்கிறேன். தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். ஊர்ப் பெயரைக் கேட்டாள், தருமபுரி என்று எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அடி என் கைக்குத்தான் என்று மேசைமேல் என் இடது கையை வைத்து, அந்தக் கையிலேயே அடித்துக் காட்டினேன். இந்த முறை பக்கத்தில் குழந்தை எதுவும் இல்லை. எதற்காக அப்படிச் செய்வீர்கள் என்று கேட்டாள். இதுவரை யாரும் கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்து, பிள்ளை அழும்போது அது பக்கம் ஒரு ஆள் இருக்கிறார் என்று காட்டுவதற்கு என்றேன். இடித்த குழந்தை பக்கம் யார் இருப்பார் என்றாள். அதன் அம்மா என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். அவள் எல்லாவற்றையும் எழுதினாள், நான் நிறுத்திக்கொண்டதைத் தவிர. நசுங்கிய விரலால் பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் படித்து முடிவு சொல்லும் வரை நான் மெத்தைமேல் கால் வைக்கக் கூடாது என்றாள். குழந்தையை அம்மா கூட்டிவரலாம், நான் வேண்டுமானால் மாடியில், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம். உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போனேன். மறைத்துச் சொல்ல விருப்பமில்லை. பத்தே முக்கால் வண்டி நின்றுகொண்டிருந்தது, டிரைவர் என் பையைப் பார்த்து வருகிறீர்களா என்று தலையால் கேட்டார். படியில் ஒரு காலை வைத்தேன். அப்போது கையில் அந்தச் சின்ன ஷூ. மெர்லினுக்கு இருப்பதே அந்த ஒரு ஜோடிதான். நான் ஏறினால் அதுவும் என்னோடு கோழி ஃபேக்டரிக்குப் போகும், அவள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். பெரிய மனமாற்றம் எதுவும் எனக்கு வரவில்லை. ஷூவைக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டிக்கு வரலாம் என்றுதான் காலை எடுத்தேன். அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்றும் எனக்குத் தெரியும்.

ஸ்டாண்டை ஒட்டிய கடையில் கண்ணாடிக்குள் ஒரு அட்டை இருந்தது. வீடு வீடாகப் பேப்பர் போட ஆள் வேண்டும், நடக்கத் தெரிந்திருந்தால் போதும். நடக்கத் தெரியும் என்று உள்ளே போய்ச் சொன்னேன். கடைக்காரர் குஜராத்திக்காரர். எந்த ஊர் என்றார், தருமபுரி என்றேன், சென்னையா என்றார், சென்னை இல்லை என்றேன், அப்படியென்றால் கேரளா என்று முடிவு செய்துகொண்டார். குழந்தையைத் தள்ளுவண்டியில் கூட்டிவரலாமா என்று கேட்டேன். அடியில் பேப்பர் வைக்க வசதி என்றார். எப்போது தொடங்கலாம் என்றதற்கு, இப்போது என்று சொல்லி ஒரு பேப்பர்க் கட்டையும் ஊர்ப் படத்தையும் நீட்டினார். படத்தில் சிவப்பு மையால் தெருக்களைக் கோடு போட்டிருந்தார். நான் இதுவரை நடந்த வழியெல்லாம் ஒரு பக்கம் ஆரம்பித்து வேறெங்கோ போய் முடிந்தவை. இது கடையில் ஆரம்பித்து, எங்கள் தெரு உட்பட இருபத்திரண்டு தெருவையும் சுற்றி, கடையிலேயே வந்து முடிந்தது.

எங்கள் வீட்டில்தான் முதல் பேப்பர். ஷூவையும் பையையும் உள்ளே வைத்தேன். ஸ்டெல்லா பேப்பர்க் கட்டைப் பார்த்தாள், மதியம் சாப்பிட வருவீங்களா என்று மட்டும் கேட்டாள். வருவேன் என்றேன்.

இங்கே கதவுகளில் கடிதம் போட ஒரு திறப்பு இருக்கும், வில் வைத்த இரும்பு மூடியோடு. சரியாகத் தள்ளத் தெரியாவிட்டால் விரலைக் கடித்துவிடும். மூன்று தெரு முடிவதற்குள் நல்ல விரல்களும் சிவந்துவிட்டன. யாரும் கதவைத் திறக்கவில்லை. ஜன்னலில் திரை விலகி மூடியது, அவ்வளவுதான். நாலாவது தெருவில் ஒரு பச்சைக் கதவு. பேப்பரைப் பாதி தள்ளியிருப்பேன், உள்ளேயிருந்து யாரோ இழுத்தார்கள். கீழேயிருந்து வந்த இழுப்பு, சின்ன ஆள். நான் விடவில்லை. உள்ளே ஒரு சிரிப்பு. மறுபடி இழுப்பு, இந்த முறை பலமாக. விட்டேன். பொத்தென்று உட்கார்ந்த சத்தம், பிறகு ஒன்றுமே இல்லை. குனிந்தபடியே நின்றேன். கதவு அவர்களுடையது, எனக்குக் கையை நுழைக்கும் அளவுக்குத்தான் இடம். அப்புறம் அந்த மூடி உள்பக்கமிருந்து தூக்கப்பட்டது. மூன்று குட்டி விரல்கள் வெளியே வந்து, இன்னும் வேண்டும் என்பதுபோல் அசைந்தன. வீட்டுக்கு ஒன்றுதான் என்று கடைக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பேப்பர்க் கட்டுக்குள்ளிருந்து இன்னொன்றை உருவி, மெதுவாக உள்ளே தள்ளினேன்.